வீடே விடுதியானால்...

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

விடுதி என்றதும் தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய லாட்ஜுகளும், சென்னையின் நட்சத்திர ஓட்டல்களுமே நம் நினைவுக்கு வரும். இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகை ஒன்று உண்டு. பழைய மாளிகையின் சில அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடும் சிறிய, உயர்தர விடுதி அது. காரைக்குடியில் 1999-இல் தொடங்கப்பட்ட 'பங்களா', கானாடுகாத்தானிலுள்ள 'விசாலம்' ஆகியவை இவ்வகையின.

செட்டிநாட்டு மாளிகைகள் விடுதியானது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940-கள் வரை, பர்மா, இலங்கை, மலேயாவில் பொருளீட்டிய நகரத்தார் கட்டியவை இவை. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தன. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்த தொழில் சரிந்தது. பிள்ளைகள் பெருநகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள்; பராமரிக்கவோ ஆளில்லை. பல வீடுகளின் தூண்களும் கதவுகளும் கழற்றி விற்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சில, விடுதியாகிப் பிழைத்தன.

முடிச்சூரில் கொத்தனாராக இருக்கும் என் தந்தையார், சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய விடுதி ஒன்றின் சுவரைச் செப்பனிடச் சென்றார். நானும் கையாளாக உடன் சென்றேன். வேலை முடிந்த அன்று, காலியாயிருந்த ஓர் அறையில் எங்களைத் தங்கச் சொன்னார்கள்.

அக்கினி நட்சத்திரத்திலும் அவ்வறை குளிர்ந்திருந்தது. எங்கள் வீட்டுக் கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் உள்ளே விடும். அங்கோ சுவர் கனமானது. வெப்பம் ஊடுருவ நெடுநேரமாகும். சூடான காற்று உயர்ந்த கூரையை நோக்கி எழுந்து முற்றத்தின் வழியே வெளியேறும். வாசல் முதல் பின்கட்டு வரை நேர்க்கோட்டில் அமைந்த கதவுகள் புதுக்காற்றைக் கொணரும்.

சுவர்ப்பூச்சு நம் பாடமேதான். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு நீங்கும். நீர் சேர்த்தால் நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். முட்டை வெண்கரு சேர்த்த கடைசிப் பூச்சைத் தேய்க்கத் தேய்க்கப் பளிங்கென மின்னும். முன்பு யாரோ சிமெண்டு பூசிய இடத்தில், ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது.

இவ்வினையை நான் சமன்பாடாகப் படித்தவன். பள்ளி செல்லாத தந்தையாரோ ஊறிய சுண்ணாம்பை விரலால் தொட்டு, "இன்னும் பதம் வரல" என்றார். மறுநாள் அவர் பதம் பார்த்துச் சொன்ன பிறகே பூச்சு தொடங்கியது.

அவ்வறையின் ஒருநாள் வாடகை அவருடைய பல நாள் கூலி. ஆயினும் அந்த வாடகையால்தான் வீடு நிற்கிறது; சுண்ணாம்பு வேலை அறிந்தவர்களுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. அத்தகையோர் குறைந்து வருகின்றனர். தம் தந்தையிடம் கற்ற தொழிலை எனக்குக் கற்பிக்காமல், என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் என் தந்தையார்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அவ்வீடுகளைக் காக்கும் பதமும் பக்குவமும் எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. நண்பர்களே, நம் பெற்றோரின் கைகள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைப்போம். அதுவும் நம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியே!