கறுக்காத சரிகை

ஒரே காஞ்சிபுரப் பட்டில் பாதி புடவையாகவும் பாதி பரதநாட்டிய உடையாகவும் போனால், முதலில் பழசாவது நாட்டிய உடைதான். புடவை வருடத்துக்கு இரண்டு மூன்று கல்யாணம் பார்க்கும். நாட்டிய உடையோ ஒரே மாலையில் இரண்டு மணி நேர வியர்வை, மேடை விளக்கின் சூடு, ஒட்டியாணத்தின் உராய்வு, அரைமண்டி நிலையில் விரிந்து சுருங்கும் இழுப்பு எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மடிப்புத் தொல்லை வேறு. அது தைத்த உடையோடு வந்தது. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய காலத்தில் நாட்டிய உடையின் தோற்றம் மாறத் தொடங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பைஜாமா, முன்னால் கொசுவமாக விரியும் விசிறி, தாவணி, ரவிக்கை என்று தனித்தனியாகத் தைத்த உடையே பொது வழக்கானது. புடவையை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடிக்கலாம். தைத்த விசிறிக்கு அந்த வசதி இல்லை. கொசுவம் ஒரே கோட்டில் மடிந்து மடிந்து, சரிகை முதலில் அங்கேதான் இற்றுப்போகிறது.

பராமரிப்பைத் தொடங்குமுன் கையில் இருப்பது எந்தச் சரிகை என்று தெரிந்திருக்க வேண்டும். அசல் சரிகையில் நடுவில் பட்டு நூல். அதன்மேல் தகடாகத் தட்டிய மெல்லிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். மேலே தங்க முலாம். இதில் தங்கத்தின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. பளபளப்பைத் தருவது தங்கம் என்றாலும் உடம்பெல்லாம் வெள்ளியும் ஓரளவு செம்பும்தான். அடுத்தது கடைக்காரர்கள் ‘டெஸ்டட்’ என்று சொல்லும் ரகம். இதில் செம்புக் கம்பிக்கு முலாம் பூசிப் பருத்தி அல்லது செயற்கை நூலில் சுற்றியிருப்பார்கள். மூன்றாவது பிளாஸ்டிக் சரிகை. பாலியஸ்டர் தாளில் அலுமினிய ஆவியைப் படியவைத்து, மேலே நிறப் பூச்சுக் கொடுத்து, மிக மெல்லியதாக நறுக்கிய இழை அது. பள்ளி விழாவுக்கு வாடகைக்கு வரும் உடைகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உள்பக்கம் தையலோரம் பிரிந்து நிற்கும் ஓர் இழையை நெருப்பில் காட்டினால் பிளாஸ்டிக் உருகி உருண்டையாகிவிடும். அசலில் பட்டு கருகி, உலோகக் கம்பி மிஞ்சும்.

மூன்றும் கெடும் விதம் வேறு வேறு. வெள்ளிக்குப் பகை காற்றிலுள்ள கந்தக வாயு. சாக்கடை ஓரத்து வீடுகளில் குத்துவிளக்கும் வெள்ளிக் கிண்ணமும் சீக்கிரம் கறுப்பது இதனால்தான். தங்க முலாம் மிக மெல்லியது என்பதால் அதிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே வாயு உள்ளே போய், வெள்ளியைக் கறுப்பாக்கி, அந்தக் கறுப்பு மேலே படர்கிறது. செம்புச் சரிகையில் வியர்வையின் உப்பு களிம்பு ஏற்றும். கறுப்போடு பச்சையும் தட்டும். பிளாஸ்டிக் சரிகை கறுக்காது, ஆனால் சோப்பின் காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். திரும்பத் திரும்பச் சோப்புத் தண்ணீரில் ஊறினால் தங்கநிறம் போய், கண்ணாடி போன்ற வெற்று இழை மட்டும் நிற்கும்.

எந்த ரகமானாலும் உடையின் ஆயுளை நிர்ணயிப்பது நிகழ்ச்சி முடிந்த முதல் சில மணி நேரம். பலர் பீரோவில் எப்படி வைப்பது என்பதில் காட்டும் கவனத்தை இதில் காட்டுவதில்லை. ஆடி முடித்ததும் போட்டோ, பெரியவர்களுக்கு நமஸ்காரம், சாப்பாடு. அதுவரை உடை உடம்பிலேயே காய்கிறது. பிறகு அவசரமாகக் கழற்றி பிளாஸ்டிக் கவரில் திணித்துக் காரில் போடுகிறார்கள். ஈரமும் உப்பும் சூடும் மூடிய கவருக்குள் சேர்ந்தால் உலோகம் அரிப்பதற்கு வேறெதுவும் வேண்டாம். வியர்வை பட்டையும் நேரடியாக நலிவடையச் செய்யும். அக்குளில் பட்டு நூல்நூலாகப் பிளப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அலுமினிய உப்பு கலந்த டியோடரண்ட் அதற்குத் துணைபோகிறது.

கழற்றியவுடன் செய்ய வேண்டியது எளிது. முதலில் ஊக்குகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். மறந்த ஒரு ஊக்கு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, போகாத கறையை விட்டுவிடும். கொண்டைப் பூவின் ஈர இதழ்கள் ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்வரை உடையைப் பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி எடுத்துச் செல்லலாம். வீடு வந்ததும் ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே திருப்பி, கட்டிலில் வேட்டி விரித்து அதன்மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க விட வேண்டும். வெயில் கூடாது, பட்டின் சாயத்தையும் வலுவையும் வெயில் சேர்த்தே வாங்கிவிடும். ரவிக்கையின் லைனிங் வியர்வையில் நனைந்திருந்தால், ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து லைனிங்கை மட்டும் ஒற்றி எடுக்கலாம். ரவிக்கையின் அக்குளில் கழற்றித் துவைக்கும்படியாகப் பருத்தித் திண்டு தைக்கச் சொல்வது தையற்காரரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம். அதற்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம்.

கறைகளில் மோசமானது கால் விரலிலும் பாதத்திலும் பூசும் சிவப்புச் சாயம். பைஜாமாவின் விளிம்பில் அது படாத நடன மாணவி அரிது. சாயம் முழுவதும் காய்ந்த பிறகே பைஜாமாவைப் போட வேண்டும். பட்டுவிட்டால் தண்ணீர் தொடக் கூடாது. கறை பரவி அகலமாகும். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும்போது இது என்ன கறை என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுப்பது நல்லது. சென்ட் அடிப்பதானால் உடை உடுத்துமுன் உடம்பில் அடித்து, காய்ந்த பிறகு உடுத்த வேண்டும்.

பட்டு நாட்டிய உடையைத் தண்ணீரில் துவைக்கவே வேண்டாம். டிரை கிளீனிங்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேவையில்லை. காற்றாட விடுவதை ஒழுங்காகச் செய்தால் எப்போதாவது ஒரு முறை போதும். சமிக்கி, மணி, ஒட்டிய கல் வைத்த உடைகளைக் கொடுக்குமுன் உள்பக்கத்துத் துணுக்கு ஒன்றில் கரைப்பானைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். சில வகைச் சமிக்கியும் பசையும் அதில் கரைந்துவிடும். கஞ்சி போட்டு ‘பாலிஷ்’ செய்வது புடவைக்கு விறைப்புத் தரலாம், ஆனால் கஞ்சி பூச்சிக்கு விருந்து. இஸ்திரி போடும்போது உடையைப் புரட்டி, மேலே மெல்லிய பருத்தித் துணி வைத்து, குறைந்த சூட்டில் அழுத்த வேண்டும். சரிகையின்மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. பிளாஸ்டிக் சரிகையில் சூடு கூடினால் இழை சுருண்டு கொசுவமே கோணிவிடும்.

வைக்கும் முறைக்கு வருவோம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றே பெரிய எதிரி. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணியிலோ மல் துணியிலோ உடையைச் சுற்ற வேண்டும். புதுத் துணியானால் முதலில் கஞ்சி போக அலசிக்கொள்ள வேண்டும். விசிறியைக் கொசுவம் கலையாமல் சேர்த்து, இரண்டு இடத்தில் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, கிடைமட்டமாக வைக்க வேண்டும். நாடாவுக்குப் பதில் ரப்பர் பேண்ட் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அடுத்த சீசனில் கட்டைப் பிரித்தால், பேண்ட் இருந்த இடத்தில் சரிகையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கம்பளியிலும் கந்தகம் உண்டு, எனவே சால்வை, ஸ்வெட்டரோடு சேர்த்து வைக்கக் கூடாது. தாவணியை மடிப்பதைவிட அட்டைக் குழாயில் துணி சுற்றி அதன்மேல் உருட்டி வைப்பது மேல். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் துணிச் சுருள் ஒன்று வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும். கனத்த உடையை மாதக்கணக்கில் ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் தையல் இழுபடும்.

பாச்சை உருண்டை சரிகையைத் தொடக் கூடாது என்பது பாட்டிமார் சொன்னது. தொட்ட இடம் மங்குவதைப் பார்த்துச் சொன்னது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த நெடியே வேண்டாம். ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. இராமபாணப் பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணிப்பையில் கட்டி, உடையைத் தொடாமல் மூலையில் வைக்கலாம். ஈரத்தை உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் பையை அவ்வப்போது மாற்றினால்தான் பயன்.

சலங்கைக்குத் தனிப் பை வேண்டும். தோல் பட்டையில் ஊறிய வியர்வையும் வெண்கல மணியின் களிம்பும் சேர்ந்து பக்கத்திலுள்ள பட்டைப் பச்சையாக்கிவிடும். ஒட்டியாணத்தின் கொக்கியும் நெத்திச்சுட்டியின் முனையும் சரிகை இழையைப் பிடித்து இழுக்கும் என்பதால் நகைகளும் உடையோடு ஒரே பெட்டியில் கூடாது.

கறுத்துவிட்ட சரிகையைப் புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் என்று தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்தால் கறுப்போடு முலாமும் போகும். பாலிஷ் திராவகம் பட்டையும் தாக்கும். அருங்காட்சியகங்களில் பழைய சரிகைத் துணிகளைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்க முயலாததற்குக் காரணம் இதுவே. மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதோடு வீட்டுச் சிகிச்சை முடிகிறது. பட்டு இற்று, கரை மட்டும் நன்றாக இருந்தால், கரையைப் பிரித்துப் புது உடைக்கு வைத்துத் தைக்கலாம். அதுவும் ஆகாதபோது, அசல் சரிகைக்கு வெள்ளியின் எடையைப் பார்த்து விலை கொடுத்து வாங்கும் பழம்பட்டு வியாபாரிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் சரிகையை அவர்கள் கையாலும் தொடுவதில்லை.