நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தில் உண்பதும் பருகுவதும்

சில மாதங்களுக்கு முன் கணவனும் மனைவியுமாக இருவர் என் புறநோயாளர் அறைக்கு வந்தனர். கணவருக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. மெட்ஃபார்மின், கிளைமெபிரைடு ஆகிய இரு மாத்திரைகளை உட்கொண்டு வருகிறார். நடைப்பயிற்சியில் சலிப்புற்று மிதிவண்டிக்கு மாறியவர். நாள்தோறும் 20 கி.மீ. ஓட்டியதில் எடை குறைந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் இறங்கியது. எனக்கும் மகிழ்ச்சியே.

முந்தைய ஞாயிறன்று நண்பர்களுடன் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சென்று திரும்பப் புறப்பட்டிருக்கிறார். போக வர ஏறக்குறைய 90 கி.மீ. காலையில் வழக்கம்போல் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, பால் இல்லாத தேநீர் மட்டும் அருந்தியிருக்கிறார். திரும்பும் வழியில் கோவளத்தை நெருங்கும்போது கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. வெயிலின் கொடுமை என்று எண்ணிய நண்பர்கள், நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்தனர். ஒருவர் குளிர்பானம் வாங்கி வர, மற்றொருவர், "அவருக்குச் சர்க்கரை நோய், கொடுக்காதீர்கள்" என்று தடுத்துவிட்டார். நல்லவேளையாக அருகிலிருந்த மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தனர். அளவு 46 மி.கி. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் தெளிந்தார்.

அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "இவருக்கு இனிப்பே ஆகாது என்று நீங்கள்தானே டாக்டர் சொன்னீர்கள்?"

உண்மைதான். எதைத் தவிர்க்க வேண்டும் என்று எட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்த நான், சர்க்கரையே மருந்தாகும் தருணம் எது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை ஓரளவு நீக்கும் என நம்புகிறேன். நோயற்றவர்களுக்கும் இதில் பயனுண்டு.

உடலின் எரிபொருள்

சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் 70 கிலோ எடையுள்ள ஒருவர், ஒரு மணி நேரத்தில் தோராயமாக 500 கலோரி செலவிடுகிறார். இந்த ஆற்றல் முதன்மையாக இரண்டு சேமிப்புகளிலிருந்து வருகிறது. ஒன்று கொழுப்பு, மற்றொன்று கிளைக்கோஜன் எனப்படும் மாவுச்சத்து.

கொழுப்புச் சேமிப்பு மிகப் பெரியது. மெலிந்த உடலிலும் பல்லாயிரம் கலோரி இருக்கும். ஆனால் அது மெதுவாகவே எரியும்; வேகம் கூடும்போது அதனால் ஈடுகொடுக்க இயலாது. கிளைக்கோஜனோ விரைந்து எரியும், அளவில் சிறியது. தசைகளில் 300 முதல் 500 கிராமும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் மட்டுமே அது இருக்கிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தசையில் உள்ள கிளைக்கோஜன் அந்தத் தசைக்கே உரியது. அது குளுக்கோஸாக மாறி இரத்தத்திற்குத் திரும்புவதில்லை. கைத்தசையின் சேமிப்பு காலுக்கு உதவாது. இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடித்து மூளைக்கு உணவளிப்பது கல்லீரலின் சிறிய சேமிப்பேயாகும். இரவு முழுவதும் நாம் உறங்கும்போதும் மூளை அதைச் செலவிடுவதால், விடியற்காலையில் அது பெருமளவு குறைந்திருக்கும். வெறும் வயிற்றில் நெடுந்தூரம் புறப்படுவது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும்.

இது பழைய உண்மை. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவில், தளர்ந்து வந்த வீரர்கள் பலரது இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டு ஓட்டத்தின்போதே இனிப்பு உண்ணச் செய்தபோது அந்தத் தளர்ச்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது. 1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள், தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டனர். நிலையான மிதிவண்டி ஒன்றை ஆளுக்கு ஒரு காலால் களைத்துப் போகும்வரை மிதித்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். உழைத்த காலில் ஓய்ந்திருந்த காலைவிட ஏறக்குறைய இரு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது. உழைத்த தசையே உணவை மிகுதியாகச் சேமிக்கிறது என்பது இதனால் உறுதிப்பட்டது.

புறப்படும் முன்

முந்தைய நாள் இரவு உணவைத் தவிர்க்கலாகாது. சோறு, சப்பாத்தி, இடியாப்பம் எதுவாயினும் வழக்கமான அளவில் உண்டு, நேரத்துடன் உறங்குவது நன்று.

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக மூன்று அல்லது நான்கு இட்லிகளைச் சிறிதளவு சாம்பாருடன் உண்ணலாம். விடியுமுன் அவ்வளவு உண்ண இயலாதவர்கள், அரைமணி நேரத்திற்கு முன் இரண்டு சிறிய வாழைப்பழங்களையேனும் உண்டு, முதல் ஒரு மணி நேரத்திற்குள் அடுத்த உணவைத் தொடங்க வேண்டும். நெய் மிதக்கும் பொங்கல், வடை, பூரி ஆகியவற்றைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். மிதிக்கும்போது வயிறு பிசைவதற்கு அதுவே காரணம்.

வழியில்

ஒரு மணி நேரத்திற்குக் குறைவான பயணத்திற்குத் தண்ணீர் போதும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். குளுக்கோஸை மட்டும் உண்டால் மணிக்கு 60 கிராம் அளவே குடலால் உறிஞ்ச முடியும். பழச்சர்க்கரைக்குக் குடலில் வேறு வாயில் உண்டு; ஆகவே இரண்டும் கலந்து உண்ணும் பந்தய வீரர்கள் 90 கிராம் வரை எட்டுகின்றனர். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் கட்டாயமன்று. ஒரு சிறிய வாழைப்பழத்தில் 15 முதல் 20 கிராம், நடுத்தர இட்லி ஒன்றில் 10 கிராமுக்குச் சற்று மேல், சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் 5 கிராம் அளவு மாவுச்சத்து உண்டு. வெல்லம் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையே. கடலை மிட்டாயில் கொழுப்பும் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். நிதானமான பயணத்திற்கு ஏற்றது. பசிக்கும்வரை காத்திராமல் இருபது அல்லது முப்பது நிமிடத்திற்கு ஒருமுறை சிறிது உண்பதே முறை. புதிய உணவு எதையும் நெடும்பயண நாளன்று முதன்முறையாகச் சோதிக்க வேண்டாம். வாராந்திரச் சிறு பயணங்களில் வயிற்றைப் பழக்குங்கள்.

நீரும் உப்பும்

நம் கடற்கரைப் பகுதியின் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறலாம். உங்கள் அளவை வீட்டிலேயே கணக்கிடலாம். ஒரு மணி நேரப் பயணத்திற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 70 கிலோ 69.4 ஆகி, இடையில் அரை லிட்டர் பருகியிருந்தால், இழந்த வியர்வை 1.1 லிட்டர். அதை முழுவதும் உடனுக்குடன் ஈடுசெய்ய வேண்டியதில்லை. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பலருக்கு மணிக்கு 400 முதல் 800 மி.லி. ஏற்றதாக இருக்கும்.

அளவுக்கு மிஞ்சிய வெறுந்தண்ணீரும் ஆபத்தானது. வியர்வையில் உப்பு வெளியேற, உள்ளே தண்ணீர் மட்டும் சேர்ந்தால், இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று அது முற்றலாம். பயணத்தின் முடிவில் எடை கூடியிருந்தால் மிகுதியாகப் பருகிவிட்டீர்கள் என்று பொருள்.

வீட்டில் தயாரிக்கக்கூடிய பானம் ஒன்று: ஒரு லிட்டர் குடிநீர், தலை தட்டிய பத்துத் தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சையின் சாறு. இதில் ஏறக்குறைய 45 கிராம் சர்க்கரையும் 600 மி.கி. சோடியமும் இருக்கும். மணிக்கு அரை லிட்டர் இதைப் பருகி, ஒரு வாழைப்பழமும் உண்டால் தேவை நிறைவேறும். உப்பையும் சர்க்கரையையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாயிலில் இணைந்து நுழைகின்றன. நீர் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் காலரா நோயாளிகளைக் காத்த உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடிப்படையும் இதுவே. எனினும் மேற்சொன்ன பானம் வயிற்றுப்போக்குக்கு உரியதன்று. அதற்கு மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே பயன்படுத்துங்கள்.

உப்பிட்ட நீர்மோர் நல்ல பானம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே வியர்வை இழப்பை அது மட்டும் ஈடுசெய்யாது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். இரத்த அழுத்தத்திற்காக நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோர், இதய நோயாளிகள் ஆகியோர் உப்பு, நீர் அளவுகளைத் தம் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கால்வலிக்கு முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு புறப்படும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நீரிழப்போடு அது சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

உழைக்கும் தசை, இன்சுலின் துணையின்றியும் குளுக்கோஸை ஈர்த்துக்கொள்ளும். உடற்பயிற்சி நீரிழிவுக்கு நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் இன்சுலின் ஊசியும், கிளைமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரை தாழ்ந்த பின்னும் வேலை செய்துகொண்டேயிருக்கும். கல்லீரல் குளுக்கோஸ் வெளியிடுவதையும் தடுக்கும். இரண்டும் சேர்ந்ததே அந்த அன்பருக்கு நேர்ந்த விபத்து. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

ஆகவே நெடும்பயண நாளில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். இதயம், கண் விழித்திரை, பாதம் ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அன்று தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுவது நல்லது. மிதிக்கும் காலில் மருந்து விரைந்து கலந்துவிடும். குளுக்கோமீட்டரை உடன் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினோ மேற்சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் புறப்படும்போது 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால், 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்டு, சர்க்கரை உயர்ந்த பின்னரே கிளம்ப வேண்டும். 250க்கு மேல் இருந்து உடல்நலமும் சரியில்லையெனில் அன்று ஓய்வே சிறந்தது.

வழியில் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கடும்பசி, படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமற்ற கோபம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்துங்கள். 70 மி.கி.க்குக் கீழ் இருந்தால், அல்லது சோதிக்கக் கருவி இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ நீரில் கலந்து அருந்த வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்தும் சீராகாவிடில் மீண்டும் அதே அளவு. தெளிந்த பின் பழமோ பிஸ்கட்டோ உண்ண வேண்டும். சர்க்கரையில்லா டயட் பானங்கள் இங்கு உதவா. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை உட்கொள்பவர்கள் குளுக்கோஸ் பொடியையே பயன்படுத்த வேண்டும். சாதாரணச் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாவதை அம்மருந்துகள் தாமதப்படுத்தும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள்.

திரும்பி வந்த பின்

ஒரு மணி நேரத்திற்குள் வழக்கமான உணவை உண்ணலாம். அதில் முட்டை, பருப்பு, தயிர் போன்ற புரதமும் இருக்கட்டும். வெறுமையான தசைகள் பல மணி நேரம் வரை குளுக்கோஸை ஈர்த்துக்கொண்டிருக்கும். எனவே இன்சுலினோ மேற்சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அன்றிரவும் சர்க்கரை தாழலாம். உறங்கும் முன் ஒருமுறை சோதித்துக்கொள்வது குடும்பத்தாரின் உறக்கத்திற்கும் நல்லது.

அந்த அன்பர் மிதிவண்டியை விட்டுவிடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. மாத்திரை அளவை மாற்றி, உணவைத் திட்டமிட்டு, குறைந்த தூரங்களில் சோதித்துப் பார்த்த பின், இரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் மாமல்லபுரம் சென்று திரும்பினார். இம்முறை அவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும், "எனக்கு நீரிழிவு உண்டு. நான் தடுமாறினால் சர்க்கரை கொடுங்கள்; நினைவிழந்தால் 108ஐ அழையுங்கள்" என்று எழுதிய அட்டையும் இருந்தன. அதை எழுதி வைத்தவர் அவர் மனைவி. உங்கள் வீட்டிலும் நீரிழிவுள்ள ஒருவர் மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்பவராயின், அத்தகைய அட்டை ஒன்றை இன்றே எழுதி வையுங்கள். உடன் செல்லும் நண்பர்களுக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.