பட்டறைக் கத்தி: பதமும் பராமரிப்பும்

திருப்பாச்சேத்தி அரிவாள் முதல் ஊர்க் கொல்லர் அடித்துத் தரும் காய்கறிக் கத்தி வரை, பட்டறைச் சரக்குகளில் பல லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து உருவானவை. சுமார் 0.6 சதவீதம் கரிமம் கலந்த எஃகு அது. கூர் நிலைத்து நிற்க அந்தக் கரிமமே காரணம். துருப்பிடிக்காத எஃகுக்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும்; பட்டையில் அந்த அளவு இல்லை. ஆகவே பட்டறைக் கத்தியைப் பாத்திரத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது.

கத்தியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. 800 டிகிரி செல்சியஸ் அளவில் செக்கச்செவேலெனப் பழுத்த வாய்ப்பகுதியைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தும்போது எஃகு இறுகுகிறது. அப்படியே விட்டால் தட்டியதும் தெறித்துவிடும். அதனால் கொல்லர் அதை மறுபடி 200 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, மேற்பரப்பில் வைக்கோல் நிறம் படரும்போது நிறுத்துகிறார். அதுதான் பதம்.

இந்தப் பதத்துக்குப் பெரிய பகை சூடு. சாணைச் சக்கரத்தில் தண்ணீர் காட்டாமல் அழுத்திப் பிடித்தால், மெல்லிய வாயோரம் நொடியில் 300 டிகிரியைத் தாண்டிவிடும். ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் இளகிவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் விரைவில் மழுங்கும். துரு இவ்வளவு பெரிய கேடு அல்ல. அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். அடுப்புத் தீயில் கத்தியைக் காட்டுவதும் பதத்தைக் கெடுக்கும்.

தீட்டுவதற்குத் தண்ணீர் ஊற்றிய தட்டைக் கல்லே போதும், நல்லதும் அதுதான். 4 செ.மீ. அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்த்திப் பிடித்தால் கோணம் ஏறத்தாழ 15 டிகிரி வரும். காய்கறிக்கு அது பொருந்தும். எலும்பு வெட்டும் கத்திக்கு இன்னும் உயர்த்த வேண்டும். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்து ஓரத்தில், விரலைக் குறுக்காக நகர்த்தினால், நுண்ணிய பிசிறு தட்டுப்படும். வாய் முழுதும் பிசிறு எழும்பிய பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் மெல்ல இருபுறமும் இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். அப்படித் தீட்டிய கத்தியைக் கிரானைட் மேடையில் வைத்து வெட்டினால் உழைப்பெல்லாம் வீண். கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது. இறைச்சிக் கடைகளில் இருக்கும் புளியமரக் கட்டை கூரைக் காப்பாற்றும்.

வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினால் கத்தி கறுக்கும். காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறை அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய எழுத்து மையின் கறுப்பும் இதே வகைதான். பரப்போடு ஒட்டி நிற்கும் இந்தக் கறையைச் சுரண்ட வேண்டியதில்லை. செந்துரு வேறு. அது பொருக்குப் பொருக்காக எழும்பி, ஈரத்தைத் தக்கவைத்து, அடியிலுள்ள இரும்பையும் அரிக்கும். மாங்காய், எலுமிச்சை, உப்பு பட்ட கத்தியை உடனே கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். துரு கண்டால் நைஸான உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம்.

சில நாள் எடுக்காமல் வைப்பதானால் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவலாம். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுபட்டுப் பிசுபிசுக்கும். மரப்பிடிக்கோ, காய்ந்து இறுகும் ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. தோல் உறை ஈரம் இழுக்கும். வெளியே கொண்டுபோகத்தான் அது உதவும், உள்ளே வைத்தே பூட்டிவைக்கக் கூடாது.

பிடி ஆடத் தொடங்கினால் பூணுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். பிடியைக் கழற்றி, உள்ளே செருகியிருக்கும் வால்பகுதியின் துருவை நீக்கி, அரக்கு உருக்கி ஊற்றி மறுபடி இறுக்கலாம். வாய்ப்பகுதிக்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்த கத்தியில், பல ஆண்டு தீட்டலில் இறுகிய பகுதி தேய்ந்து தீர்ந்துவிடும். அப்போது தீட்டிய கூர் நிற்காது. கொல்லரிடம் கொடுத்தால் காய்ச்சி அடித்து, வாயை மெலிய வைத்து, மீண்டும் தோய்ச்சல் கொடுத்துத் தருவார்.