வேலைக்காரி வேடத்தில் வென்ற அம்மையார்

படம் பார்த்து வந்தால் கதாநாயகியைப் பற்றித்தான் பேசுவோம். பங்களாக் காட்சியில் தேநீர்த் தட்டேந்தி வரும் வேலைக்காரியின் பெயரை யார் கேட்கிறோம்? அத்தகைய வேடங்களிலேயே பெயர் பெற்றவர் ஹாட்டி மெக்டானியல் அம்மையார்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். தாய், தந்தை இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். ஹாட்டி மேடைப் பாடகியானார். 1929-இல் பொருளாதாரம் சரிந்து வாய்ப்புகள் நின்றபோது, மில்வாக்கி நகர விடுதி ஒன்றில் கழிவறைப் பணிப்பெண்ணானார். பிறகு அங்கேயே பாடினார். 1931-இல் ஹாலிவுட் சென்றபின்னும், படம் இல்லாத நாட்களில் வீட்டு வேலைதான் சோறு போட்டது.

1939-இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்தில், இளைய எசமானியையே அதட்டித் திருத்தும் அடிமைப் பெண்ணாக நடித்தார். நிறவெறிச் சட்டத்தால் அட்லாண்டா நகரின் முதல் காட்சிக்கு அவர் போக முடியவில்லை. 1940-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. அவ்விருதை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அந்த விழாவிலும் அவருக்குச் சுவரோரம் தனி மேசைதான்!

எப்போதும் வேலைக்காரிதானா என்று அவருடைய இனத்தவரே சிலர் குறை கூறினர். வேறு வேடம் யார் கொடுத்தார்கள்? கிடைத்த வேடத்தில் தலைநிமிர்ந்து நின்றார்.

1952-இல் மறைந்தார். அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் நிறத்தைக் காட்டி இடம் மறுத்தது. 1999-இல் அதே தோட்டத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

இனிப் படம் பார்க்கையில், தட்டேந்தி வருபவரின் பெயரையும் கேட்டு வையுங்கள்.