எங்கிருந்தும் வராத பணம்

1955 டிசம்பர் 5-ந் தேதி, அமெரிக்காவிலுள்ள மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பு ஜனங்கள் பஸ் பகிஷ்காரம் தொடங்கினார்கள். வெள்ளையருக்கு இடம் போதாவிட்டால் கறுப்பர் எழுந்து நிற்க வேண்டுமாம்! காந்தியடிகளின் வழியைப் போற்றிய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் தலைமை வகித்தார். பலர் மைல் கணக்கில் நடந்தார்கள். நடக்க மாட்டாதவர்களுக்காகத் தேவாலயங்கள் மோட்டார் வண்டிகள் விட்டன. பெட்ரோலுக்குப் பணம் வேண்டுமே!

ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்கார அம்மாள் சில பெண்மணிகளைச் சேர்த்துக்கொண்டு பலகாரம் செய்து விற்றார். அந்தக் காசு தேவாலயக் கூட்டத்தில், பாட்டுக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே வந்து சேரும். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் எஜமானர்கள் சும்மா விடுவார்களா? ஆகையால் 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கிருந்தும் வரவில்லை" என்று பொய்யின்றிச் சொல்லலாமல்லவா? இந்தச் சாமர்த்தியத்தை நாம் மெச்சாமலிருக்க முடியவில்லை.

1956-ல் கிங்கின் வழக்கில் சாட்சி சொன்ன அம்மாளுக்கு வேலை போயிற்று. கிங் பொருளுதவி செய்தார். அம்மாள் தம் வீட்டிலேயே அடுப்பு மூட்டிச் சாப்பாடு போட ஆரம்பித்தார். கிங்கும் அங்கே வந்து சாப்பிடுவார்.

381 நாள் கழித்து, 1956 டிசம்பர் 21-ந் தேதி, ஜனங்கள் மறுபடியும் பஸ் ஏறினார்கள். இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள்.