மிதித்தால் ஏன் திணறுகிறது?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வண்டி திணறுகிறது. உடனே பிளக்கை மாற்றுவார்கள், பாயின்ட்டைத் தேய்ப்பார்கள். பல நேரம் தேவைப்படுவது கொஞ்சம் எண்ணெய்தான்!

பெரும்பாலான எம்ஜிபிக்களில் இருப்பது இரட்டை எஸ்யு கார்புரேட்டர். என்ஜின் இழுக்கும் காற்றுக்கேற்ப அதற்குள் ஒரு பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் கூம்பிய ஊசி; பிஸ்டன் உயர உயர ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகம் வரும். சட்டென மிதிக்கும்போது பிஸ்டன் ஒரே தாவாகத் தாவினால்? காற்று வழி அகன்று, பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பு தளர்ந்துவிடும். காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு, அதுதான் திணறல். அந்தத் தாவலை அடக்கவே பிஸ்டன் தண்டின் குழிக்குள் எண்ணெய் நிற்கிறது.

என்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கிப் பாருங்கள். முரண்டு பிடித்து மெல்ல எழ வேண்டும். விட்டால் ‘டக்’கென்று விழ வேண்டும். லேசாக எழுந்துவிட்டால், உச்சியிலுள்ள மூடியைத் திருகி எடுத்து 20 கிரேடு என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். கெட்டியான கியர் ஆயில் மட்டும் வேண்டாம். பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை கக்கும்.