கொழுப்பின் கணக்கில் ஒரு மரபணு போதாது

பட்டுப்புடவையின் மயில்கழுத்து நிறம் பாவில் மட்டும் இல்லை, ஊடையில் மட்டும் இல்லை. நீல இழையும் பச்சை இழையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. காஞ்சிபுரத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதானவர்களின் ரத்தக் கொழுப்பும் அப்படித்தான். கொழுப்புத் துகள்களைக் கல்லீரல் உள்ளே இழுக்க உதவும் ‘அப்போ ஈ’ புரதத்தை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணுவுக்கு ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகைகள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு பிரதிகள். ஈ4 உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் சராசரியாகக் கூடுதல். ஈ2 உள்ளவர்களுக்குக் குறைவு. அப்படியானால் இரண்டு ஈ2 பெற்றவருக்குக் கவலையே இல்லை என்று தோன்றும். பெரும்பாலோருக்கு அது சரிதான். ஆனால் சிலருக்கு உணவுக் கொழுப்பின் எச்சத் துகள்கள் ரத்தத்திலேயே தங்கி, கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறி, இதயத்துக்கும் காலுக்கும் போகும் நாளங்கள் அடைபடுகின்றன. அவர்களிடம் பெரும்பாலும் இன்னொரு காரணமும் இருக்கும்: டிரைகிளிசரைடை ஏற்றும் வேறொரு மரபணு மாற்றம், சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, பருமன், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது. இவற்றில் பல நடுவயதுக்கு மேல் வருபவை. அதுவரை காத்த மாற்றமே துணை மாறியதும் கெடுக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த, சுமார் 16.5 லட்சம் பேரின் மரபணு ஆய்வைக் காட்டி, சிறுசிறு விளைவுகளைக் கூட்டினாலே ஒருவரின் கொழுப்பை ஓரளவு கணிக்கலாம், மரபணுக்கள் ஒன்றோடொன்று ஊடாடுவதைத் தேடுவானேன் என்று கேட்கலாம். கூட்டல் சராசரிக்குப் பொருந்துகிறது. மருத்துவர் முன் உட்காருபவர் சராசரி அல்ல. மேலும் அந்த ஆய்வில் ஏறக்குறைய 13 லட்சம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் நிலை வேறு: சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அத்தகைய குடும்பங்களில் ஒரே அரிய மாற்றம் தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பியின் மரபணுவில் ஒரு பிரதி கெட்டாலே அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டும் கெட்டால் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம்.

எழுபது வயதுக்காரருக்கு இதையெல்லாம் பார்த்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. மருந்தால் அவருக்கும் பயன் உண்டு. அதைவிட அவர் பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் உண்டு. அதற்காக மரபணுச் சோதனைக்குப் பணம் கொட்டச் சொல்லமாட்டேன். வெறும் வயிற்றில் எடுக்கும் சாதாரண ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, மரபணுவும் உணவும் வயதும் சேர்ந்து தந்த விடையை நேரடியாகவே காட்டிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குக் கொழுப்பு மிக அதிகம் என்று தெரிந்தால், அவருடைய ரத்த உறவுகள் அனைவரையும் பரிசோதனைக்கு அழைக்கும் பொறுப்பையும் அதே ஊழியர்களிடம் கொடுக்கலாம்.